கன்ட்ரோல்-எஸ்ஸில் அகப்பட்ட தாய்மாமன்

தோழிக்குக் கை உடைந்த செய்தி கேட்டு உற்சாகம் அடைந்தவர்கள் யாராவது உண்டா?

நான் உண்டு. திட்ட நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மூன்று வாரம் முன்பு, காளவாசல் சிக்னல் பக்கத்தில் ஹபீபா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியிருக்கிறாள். ஒரு கால்தான் தரையில் பட்டிருக்கிறது, அதற்குள் ஆட்டோக்காரருக்கு அவசரம். கீழே விழுந்ததில் வலது முன்கையில் எலும்பு முறிவு. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள்.

ஹபீபாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். தெற்குவாசல் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறாள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நின்றுதான் பேச வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு முக்கியமான வேலை, கல்யாணப் பத்திரிகை அடிப்பது. நிக்காஹ் ஆனாலும் சரி, முருகன் படம் போட்ட பத்திரிகை ஆனாலும் சரி, எங்கள் சௌராஷ்டிரா வீட்டு விசேஷம் ஆனாலும் சரி... எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போகும். என் மகள் பத்திரிகையும் அங்கே அடித்ததுதான்.

பத்திரிகை அடிப்பது என்றால் டைப் அடிப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டைப் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வர வேண்டும் என்பதுதான் வித்தை. பெரியப்பாவை விட சித்தப்பா பெயர் ஒரு இழை தடித்துவிட்டால் போதும், பந்தியில் ஒரு வரிசை காலியாக இருக்கும். மதுரையில் எத்தனை குடும்பங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன என்பதில் ஹபீபாவுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

அப்படிப்பட்டவள் வீட்டில் இப்போது கல்யாணம். அவளுடைய ஒரே மகள் ரிஸ்வானாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ்.

ஊரார் பத்திரிகை எல்லாம் அடித்தவள், மகள் பத்திரிகையைத் தன் கையால்தான் அடிப்பேன் என்று மகள் பிறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம். பிரஸ்காரர் தானே ஆள் வைத்து முடித்துத் தருவதாகச் சொன்னார். எதிர்க்கடைப் பெண் இலவசமாகவே அடித்துத் தருகிறேன் என்றாள். யாருக்கும் ஹபீபா இடம் கொடுக்கவில்லை. எனக்குத்தான் போன் வந்தது.

“அக்கா, எட்டு நாள்ல அச்சுக்குப் போகணும். ஒத்தக் கைய வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

உற்சாகம் என்றேனே... அது அந்த நிமிடம்தான்.

காரணம் இருக்கிறது. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு என் பழைய லேப்டாப்பைத் தெரியும். நத்தை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த அதில், போன வருடம் என் கணவர் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். வைரஸ் வந்து படுத்துக்கொண்ட ஹபீபாவின் கடைக் கம்ப்யூட்டருக்கும் அவரே போட்டுக் கொடுத்தார். அவர் அதோடு கடமை முடிந்தது என்று போய்விட்டார். எனக்குத்தான் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

செட்டிங்ஸில் கீபோர்டு என்று ஒரு பகுதி. அதற்குள் ஷார்ட்கட், அதாவது குறுக்குச் சாவிகளின் பட்டியல். திரையில் திறந்திருக்கும் ஜன்னலை மூட இந்தச் சாவி, சின்னதாக்க அந்தச் சாவி, திரையைப் படம் பிடிக்க இன்னொன்று என்று நீளமாகப் போகிறது. ஒவ்வொன்றையும் க்ளிக் செய்து, நமக்குப் பிடித்த சாவிகளைச் சேர்த்து அமுக்கினால்... மாறிவிடுகிறது! யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கல்யாணமாகி வந்த வீட்டில் உப்பு ஜாடியின் இடத்தை மாற்றவே எனக்கு ஆறு வருடம் ஆனது. இங்கே ஒரு கம்ப்யூட்டர் முழுவதையும் என் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்றால் துள்ளாமல் என்ன செய்வது?

இதைக் கணவரிடம் சொன்னேன். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார். வில்லாபுரத்தில் எங்கள் தெருப் பெண்களிடம் சொன்னேன். பால் விலை பற்றிப் பேசினார்கள். கற்ற வித்தையைக் காட்ட ஓர் ஆள் கிடைக்காமல் ஒரு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். இதோ, இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆள்!

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முதலில் பிரச்சினையைப் புரிந்துகொள்ளுங்கள். கீபோர்டை ஒருமுறை பாருங்கள். என்டர் வலது பக்கம். பேக்ஸ்பேஸ் வலது பக்கம். மவுஸும் அங்கேதான். இடது கை ஒன்றே எல்லாவற்றுக்கும் அங்கும் இங்கும் ஓட வேண்டும். அரை மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்.

மவுஸை இடப்பக்கம் வைத்து, பட்டன்களையும் இடம் மாற்றினேன். யாருக்கும் உதவாமல் இடது ஓரத்தில் கிடக்கும் கேப்ஸ் லாக்கைப் பேக்ஸ்பேஸாக மாற்றினேன். தவறாக அடித்த எழுத்தை ஹபீபா சுண்டுவிரலால் தட்டி அழித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“இம்புட்டு நாளா இந்தப் பட்டன் சும்மாவா கிடந்துச்சு?” என்றாள்.

ஜன்னலைச் சின்னதாக்கும் சாவி வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் கொண்டுவந்தேன். மூடும் சாவி, பெரிதாக்கும் சாவி, ஃபைல்கள் இருக்கும் இடத்தைத் திறக்கும் சாவி என்று ஒவ்வொன்றாக இடக்கைக்குக் குடிபெயர்ந்தன. பிஸ்மில்லாஹ்வுக்கு அரபி, நடுவில் தமிழ், ஓரத்தில் ஆங்கிலம் என்று அவளுக்கு மூன்று மொழி வேண்டும். மொழி மாற்றும் சாவி மட்டும் ஏற்கெனவே இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நாங்கள் இருவரும் அதற்கு நன்றி சொல்லாத குறை.

நடுநடுவே கம்ப்யூட்டர் ஓர் எச்சரிக்கை காட்டும். ‘இந்தச் சாவி ஏற்கெனவே வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்டால் அந்த வேலை நின்றுவிடும். மாற்றவா?’ அதைப் படித்துவிட்டு ஹபீபா சிரித்தாள். அவளிடம் வரும் கல்யாண வீட்டார் பாதிப்பேர் இதைத்தான் கேட்பார்களாம். அத்தை பெயர் இருக்கும் இடத்தில் பெரியம்மாவைப் போட்டால் அத்தை சும்மா இருப்பாளா?

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. திரையைப் படம் பிடிக்கும் சாவி. அச்சுக்கு முன் சரிபார்க்க, ப்ரூஃபைப் படமாக எடுத்துப் போனில் உறவுக்காரர்களுக்கு அனுப்புவது ஹபீபாவின் வழக்கம். அந்தச் சாவியோ வலது மூலையில். அதற்கு எஸ் எழுத்து பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. விண்டோஸ் படம் போட்ட சாவியோடு எஸ்ஸை அமுக்கினேன். ‘ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்’ என்றது. சரி, எதற்கு வம்பு என்று கன்ட்ரோலோடு எஸ்ஸை அமுக்கினேன். ஒரு மறுப்பும் இல்லை. உடனே ஒப்புக்கொண்டது.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கன்ட்ரோல்-எஸ் என்பது உலகம் முழுவதும் ‘சேவ்’. அடித்ததைப் பத்திரப்படுத்தும் சாவி. ஆனால் அது டிசைன் மென்பொருளுக்குள் இருக்கும் சாவி. கம்ப்யூட்டரின் பொதுப் பட்டியலில் அது கிடையாது. அதனால்தான் எச்சரிக்கை வரவில்லை. யாரும் எதிர்க்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று நினைத்துக்கொள்ளும் கல்யாண வீட்டுப் புத்தி எனக்கு.

சரி, இருபத்திரண்டு வருட அனுபவக்காரிக்குமா தெரியவில்லை என்பீர்கள். கன்ட்ரோல்-எஸ் போட்டால் படம் எடுக்கும் என்று அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். அது சேவ் என்பது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. சேவ் செய்வதை ஹபீபா யோசித்துச் செய்வதில்லை. நம் ஊர்க் கரண்ட்டுக்குப் பயந்து பயந்து, ஒரு பெயர் அடித்ததும் அவள் விரல் தானாகப் போய் அந்தச் சாவியைத் தட்டிவிட்டு வரும். விஷயம் தெரிந்தது விரலுக்கு. தலையாட்டியது ஹபீபா.

கிளம்பும்போது பெயர்ப் பட்டியல் எழுதிய நோட்டைக் காட்டினாள். முப்பத்தெட்டுப் பெயர்கள். ஆனால் முதல் வரி வெறுமையாக இருந்தது. தாய்மாமன் என்று எழுதி, பக்கத்தில் ஒன்றுமில்லை.

தாய்மாமன் என்றால் ஹபீபாவின் அண்ணன் சிக்கந்தர். கொட்டாம்பட்டியில் நெல்லும் கடலையும் போடுகிறார். நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அவருடைய மகன் கல்யாணப் பத்திரிகையை அடித்தது இவள்தான். அதில் அவருடைய மாமனார் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சடித்து, ஊரெல்லாம் கொடுத்தும் முடிந்த பிறகுதான் கவனித்திருக்கிறார்கள். மாமனார் மண்டப வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டார். தங்கச்சி வேண்டுமென்றே விட்டாள் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் கொடுத்த பட்டியலிலேயே அந்தப் பெயர் இல்லை என்று தங்கச்சி சொன்னாள். அதோடு போச்சு.

அண்ணன் பெயரைப் போடப்போகிறாயா இல்லையா என்று கேட்டேன்.

“போட்டு, அவரு வரலைன்னா மண்டபத்துல எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க. போடலைன்னா கடைசிவரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. நான் என்னக்கா செய்ய?”

சாவிகளை மாற்றுவது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் எட்டிப் பார்த்தேன். ஹபீபா இடது கையால் பறந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து அடித்து, கடைசிப் பெயருக்கு வந்துவிட்டாளாம். ஒரே ஒரு குறை சொன்னாள். காலையிலிருந்து வோல்டேஜ் சரியில்லையாம், திரை அடிக்கடி பளிச் பளிச்சென்று மின்னுகிறதாம். நானும் ஊர் மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.

திட்டியது கேட்டுவிட்டதோ என்னவோ, கரண்ட் போய்விட்டது.

யுபிஎஸ் இரண்டு முறை கீச்சென்றது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. ஹபீபா பதறவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் சேவ் போட்டிருப்பதாகச் சொல்லி, முந்தானையால் விசிறிக்கொண்டாள். கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. ஃபைலைத் திறந்தாள்.

திரையில் பூப்போட்ட பார்டருக்குள் வேறு யாரோ ஒரு மணமகள் பெயர் இருந்தது.

ஹபீபா எப்போதும் பழைய பத்திரிகை ஒன்றை நகலெடுத்து, அதன் மேல்தான் புதிய பெயர்களை அடிப்பாள். அந்தப் பழைய நகல் அப்படியே உட்கார்ந்திருந்தது. தானாகச் சேவ் ஆகும் வசதி இருந்தால் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அதை எப்போதோ நிறுத்திவைத்துவிட்டாளாம்.

“அக்கா... என் மகளைக் காணோம்” என்றாள்.

அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலை முழுவதும் ஒற்றைக் கையால் அடித்தவள். எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக உறைத்தது. வோல்டேஜும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் சேவ் என்று நினைத்துத் தட்டியபோதெல்லாம் கம்ப்யூட்டர் படம் எடுத்திருக்கிறது. அந்தப் பளிச்செல்லாம் என் கைங்கரியம்.

வெட்கத்தில் அப்படியே படிக்கட்டுக்கு அடியில் இன்னும் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

படம் எடுத்திருக்கிறது என்றால்... படங்கள் எங்கே?

படங்கள் வைக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே இருநூற்றுப் பதினாறு படங்கள்! பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி, ரிஸ்வானாவின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், மண்டபம், நேரம் என்று வரிவரியாக அவளுடைய காலை முழுவதும் அங்கே அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. நான் கைதட்டியேவிட்டேன். ஹபீபா என்னை முறைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் இன்னும் அதிகமாக முறைத்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

படத்தைப் பார்த்து நான் படிக்க வேண்டியது, அவள் அடிக்க வேண்டியது. அவ்வளவுதானே? முதலில் கன்ட்ரோல்-எஸ்ஸை விடுவித்து, சேவுக்கே திருப்பிக் கொடுத்தேன். படம் எடுக்கும் வேலைக்கு வேறொரு மூலையில் இடம் பார்த்தேன். இந்த முறை அங்கே யாரும் குடியில்லை என்று மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

கடைசிப் படத்திலிருந்து படிக்கலாம் என்று படங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

அறுபதாவது படத்தை ஒட்டி, உறவினர் பட்டியலின் முதல் வரியில் சிக்கந்தரின் பெயர் இருந்தது. அடுத்த படத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி மறுபடி இருந்தது. இரண்டு படம் தாண்டி மறுபடி இல்லை. இப்படி ஐந்து முறை. நான் பேக்ஸ்பேஸாக மாற்றிக் கொடுத்த கேப்ஸ் லாக் எதற்கு உழைத்திருக்கிறது பாருங்கள்! ஒரு காலைப் பொழுதில் ஐந்து முறை அண்ணனைக் கூப்பிட்டு ஐந்து முறை வேண்டாம் என்றிருக்கிறாள். கடைசிப் படத்தில் அந்த வரி காலி.

படிக்க ஆரம்பித்தேன். ரிஸ்வானா, மாப்பிள்ளை, மண்டபம் எல்லாம் முடிந்து உறவினர் பட்டியல் வந்ததும், தாய்மாமன் சிக்கந்தர், கொட்டாம்பட்டி என்று அழுத்தமாகப் படித்தேன்.

அவள் கை நின்றுவிட்டது.

“கடைசிப் படத்துல அந்தப் பேரு இல்லையேக்கா.”

“எந்தப் படத்தைப் பார்த்துப் படிக்கணும்னு நீ சொல்லலையே” என்றேன்.

இடது கை ஒவ்வோர் எழுத்தாகப் போய் அந்தப் பெயரை அடித்தது. அடித்து முடித்ததும் கன்ட்ரோல்-எஸ். திரை மின்னவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மீதி முப்பத்தெட்டுப் பெயர்களும் ஏறி முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. படம் எடுத்து, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினாள். மற்ற உறவுக்காரர்களுக்கு அனுப்பினாள். அண்ணன் நம்பர் இன்னும் போனில் இருக்கிறதா என்று கேட்டேன். அழிக்கவில்லை என்றாள். அனுப்பு என்றேன். என்ன எழுதுவது என்று கேட்டாள். ஒன்றும் எழுத வேண்டாம், எல்லோருக்கும் அனுப்புகிற மாதிரி ப்ரூஃபை அனுப்பு என்றேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

எதிர்க்கடைப் பெண் டீ வாங்கிக் கொடுத்தாள்.

நாற்பது நிமிடம் கழித்துப் போன் அதிர்ந்தது. சிக்கந்தரிடமிருந்து குரல் செய்தி. பின்னால் எங்கோ ஆடு கத்துகிறது. நான்கு வருடத்துக்குப் பிறகு தங்கச்சியிடம் பேசுகிற மனிதர் நலம் விசாரித்தாரா, வாழ்த்தினாரா? அதெல்லாம் இல்லை.

“ஹபீபா, என் மாமனார் பேரு இதுலயும் விட்டுப்போச்சு. சேர்த்துரு. நான் வெள்ளிக்கிழமை வாரேன்.”

ஹபீபா அதை மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கும்போது அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

சரி, சேர்க்க வேண்டுமே. எங்கே சேர்ப்பது? அட்டையில் ஓர் அங்குல இடம்கூட மிச்சமில்லை. கடைசி வரியில் இருக்கும் இரண்டு பேரில் யாரையாவது எடுத்துவிடலாமே என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன். ‘மாற்றவா?’ என்று கேட்கும் அந்தப் பெட்டியோடு ஒரு வருடம் பழகிய புத்தி. ஹபீபா என்னைப் பார்த்த பார்வையில், இந்தத் தொழில் எனக்கு ஒத்துவராது என்று புரிந்தது.

எல்லாப் பெயர்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். எழுத்தின் அளவை ஒரு பாயின்ட் குறைத்தாள். பட்டியல் முழுவதும் சற்றே ஒடுங்கி, கீழே ஒரு வரிக்கு இடம் விட்டது.

“யாரையும் எடுக்க வேண்டாம்க்கா. எல்லாரும் ஒரு பாயின்ட் குறைஞ்சுக்கிட்டாப் போதும்.”

அச்சாகி வந்த பத்திரிகை நேற்று என் வீட்டுக்கும் வந்தது. கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரிகிறது... ஆனால் அத்தனை பேரும் இருக்கிறார்கள்!